ஏமாந்தவங்க கட்டுன காசு ‘ஈஸி மணி’ இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

சமீபத்துல உங்க பேப்பர்ல எங்க பக்கத்து நகைச்சீட்டு மோசடி பத்தி ஒரு செய்தி வந்துச்சு. பணம் கட்டுனவங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ரசீதை தூக்கி காட்டிட்டு நிக்கிற போட்டோ, அதுக்கு மேல கொட்டை எழுத்துல ‘ஈஸி மணி ஆசை: ஏமாந்த மக்கள்’னு தலைப்பு. செய்தியில இருந்த விவரம் எல்லாம் சரிதான், நிருபர் நல்லா விசாரிச்சுதான் எழுதியிருந்தாரு. ஆனா அந்த தலைப்பை பார்த்ததுல இருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பார்க்கிறேன். சனிக்கிழமை சம்பளம் போடுறது என் பொறுப்பு. யாரு எத்தனை ஷிப்ட் பார்த்தாங்க, யாருக்கு அட்வான்ஸ் எவ்வளவு புடிக்கணும்னு எல்லாம் என் நோட்டுலதான் இருக்கும், அதனால எங்க ஆளுங்க காசு எங்கிருந்து வருது எங்க போவுதுன்னு எனக்கு ஓரளவு தெரியும். அந்த போட்டோவுல எங்க செக்கிங் அக்காவும் நிக்கிறாங்க. முகத்தை முந்தானையால பாதி மூடிட்டு நிக்கிறாங்க, இருந்தாலும் கம்பெனியில எல்லாரும் அடையாளம் கண்டுபுடிச்சுட்டாங்க.

செக்கிங்னா என்ன வேலைன்னு வெளியில நிறைய பேருக்கு தெரியாது. நாள் முழுக்க டேபிள் முன்னாடி நின்னுட்டே இருக்கணும், ஒவ்வொரு பீசையும் புரட்டி ஓட்டை இருக்கா, தையல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை பட்டிருக்கான்னு டியூப்லைட் வெளிச்சத்துல பார்த்து, பிசிறை வெட்டி அந்தப்பக்கம் தள்ளணும். சாயங்காலம் ஆனா கால் வீங்கிப் போயிரும், மூக்குக்குள்ள எல்லாம் பஞ்சு. அவசர ஆர்டர் வந்துட்டா ஒன்றரை ஷிப்ட். அப்படி நின்னு சம்பாதிச்ச காசுங்க அது. பழைய கம்பெனியை விட்டு வந்தப்ப கிடைச்ச பிஎஃப் பணம், மகளிர் குழுவுல எடுத்த லோன், பொண்ணு கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த ரெண்டு பவுனை அடகு வெச்ச காசு, எல்லாம் சேர்த்துதான் கட்டியிருக்காங்க. மகாலட்சுமி படம் போட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்துன ஒரு ரசீது குடுத்திருக்காங்க, அது நனைஞ்சிரக்கூடாது, கரையான் அரிச்சிரக்கூடாதுன்னு லேமினேட் பண்ணி பீரோவுல சேலைக்கு அடியில வெச்சிருந்தாங்க. இந்த காசுல எந்த ரூபா ஈஸியா வந்ததுன்னு நீங்களே சொல்லுங்க.

இந்த ‘ஈஸி மணி’ங்கிற வார்த்தை இப்ப எல்லார் வாயிலயும் வந்துருச்சு. டிவி விவாதத்துல பேசுறவங்க சொல்றாங்க, பேட்டி குடுக்கிற அதிகாரிங்க சொல்றாங்க, டீக்கடையில பேப்பர் படிக்கிறவரு ‘ஈஸி மணிக்கு ஆசைப்பட்டா இப்படித்தான்’னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தை திருப்பிடறாரு. அந்த ஒரு வார்த்தையில குத்தவாளி யாருன்னு முடிவு பண்ணியாச்சு, பணத்தை கட்டுனவங்கதான் குத்தவாளி. வாங்கிட்டு ஓடுனவனை பத்தி அதுல ஒண்ணுமே இல்லை.

கட்டுனவங்க ஏன் கட்டுனாங்கன்னு யோசிச்சு பார்க்கணும்ங்க. எங்க ஊர்ல வட்டியை யாரும் வருஷக் கணக்குல பேச மாட்டாங்க. ரெண்டு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபா. அவசரத்துக்கு வெளியில வாங்கினா அஞ்சு வட்டி, ஆஸ்பத்திரி செலவு மாதிரி கழுத்துல கத்தி நிக்கிற நேரத்துல பத்து வட்டி. தண்டல்காரங்க கைக்கு குடுக்கும்போதே ஒரு தொகையை புடிச்சுக்கிட்டுதான் குடுப்பாங்க. தமிழ்நாட்டுல கந்துவட்டி தடை சட்டம் 2003லயே வந்தாச்சு, ஆனா சனிக்கிழமை சாயங்காலம் எங்க கம்பெனி கேட்டுக்கு வெளியில வண்டியை நிறுத்திட்டு நிக்கிறவங்களை பார்த்தா அந்த சட்டம் இன்னும் இந்த தெருவுக்கு வந்து சேரலைன்னுதான் தோணும். காலம் பூரா அஞ்சு வட்டி பத்து வட்டி குடுத்தே பழகுன ஒரு பொம்பளைகிட்ட வந்து, உங்க காசை எங்ககிட்ட குடுங்க, நாங்க உங்களுக்கு நாலு வட்டி தர்றோம்னு ஒருத்தர் சொன்னா அவங்களுக்கு அது நம்ப முடியாத கணக்கா தெரியாதுங்க. இத்தனை வருஷம் நாம அடுத்தவனுக்கு குடுத்தது இப்ப நமக்கு வரப்போவுதுன்னுதான் தெரியும்.

அதே காசை போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துல போட்டா என்ன கிடைக்கும்? வருஷத்துக்கு 7.4 சதவீத வட்டின்னா லட்ச ரூபாய்க்கு மாசம் 616 ரூபா வரும். ஒரு கேஸ் சிலிண்டர் வாங்க பத்தாது. பத்திரமான இடம் அதுதான், நானே எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன், ஆனா வாடகை ஏறி, ஸ்கூல் ஃபீஸ் ஏறி, பீஸ் கணக்குல வர்ற கூலி மட்டும் ஏறாம நிக்கிற வீட்டுல 616 ரூபாயை வெச்சு என்ன பண்ண முடியும்னு அவங்க திருப்பி கேட்டா என்கிட்ட பதில் இல்லைங்க.

ஈமு கோழி கதையையே எடுத்துக்கோங்க. பெருந்துறையில இருந்த சுசி ஈமு ஃபார்ம்ஸ் திட்டம் எங்க பக்கத்துல தெரியாத ஆள் இல்லை. ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு, ஷெட் அவங்களே போட்டு குடுப்பாங்க, தீவனம் அவங்களே தருவாங்க, வளர்க்கிறதுக்கு மாசம் 6,000 ரூபா, வருஷத்துக்கு ஒருக்கா 20,000 போனஸ். ஒன்றரை லட்சத்துக்கு மாசம் 6,000னா சரியா நாலு வட்டி! நம்ம ஊர் வாய்க்கணக்குக்கு அப்படியே பொருந்துச்சு பாருங்க. அந்த நேரத்துல தோட்டத்துல கிணறு வத்திப்போச்சு, ஆள் எல்லாம் பனியன் கம்பெனிக்கு போனதுனால பாத்தி கட்டக்கூட ஆள் இல்லை, அப்படி இருக்கிற விவசாயிகிட்ட இதுவும் ஒரு பண்ணைத் தொழில்தான்னு சொல்லி, டிவியில சினிமாக்காரங்களை வெச்சு விளம்பரமும் பண்ணினாங்க. வேலை செய்யாம காசு வேணும்னு அவங்க நினைக்கலை. வெடியக்காலம் எந்திரிச்சு தீவனம் வெச்சு, தண்ணி மாத்தி, ஷெட்டை கழுவி விட்டாங்க. கறி, எண்ணெய், தோல், இறகு எல்லாத்துக்கும் பெரிய மார்க்கெட் இருக்குன்னு சொன்னாங்க, ஆனா அப்படி ஒரு மார்க்கெட் நம்மூர்ல இல்லவே இல்லை, புதுசா சேர்றவங்க கட்டுற பணம்தான் பழைய ஆளுங்களுக்கு மாசா மாசம் போயிட்டிருந்துச்சு. 2012 ஆகஸ்ட்டுல எல்லாம் சரிஞ்சப்ப தீவனம் நின்னுபோயி பறவைங்க பட்டினியில செத்துச்சு, கடைசியில அரசாங்கம் கால்நடைத் துறையை வெச்சு தீவனம் போட வேண்டியதாப் போச்சு. அந்த நிறுவனத்து ஓனருக்கு, டெபாசிட் மோசடி கேஸுங்களை விசாரிக்கிற கோவை டான்பிட் கோர்ட்டு 10 வருஷம் ஜெயில் குடுத்துச்சு. இன்னைக்கும் அந்தப் பக்கம் சில தோட்டத்துல அந்த கம்பி வலை நிக்குது, ஆடு கட்டிட்டிருக்காங்க. இதை ஈஸி மணின்னு எழுதினா அந்த விவசாயி எப்படி பொறுத்துக்குவாரு?

எங்க ஊர்லயே அதுக்கு முன்னாடி 2009ல பாசி ஃபாரெக்ஸ் விவகாரம். வெளிநாட்டு கரன்சி வியாபாரம்னு சொல்லி 58,000 பேருக்கு மேல கிட்டத்தட்ட 930 கோடி ரூபா வாங்கியிருக்காங்க. கேஸ் சிபிஐக்கு போயி, கடைசியில 2022 ஆகஸ்ட்டுல கோவை டான்பிட் கோர்ட்டு ரெண்டு இயக்குநருக்கு ஆளுக்கு 27 வருஷம் ஜெயில், 171 கோடிக்கு மேல அபராதம்னு தீர்ப்பு குடுத்துச்சு. தீர்ப்பு பெரிய தீர்ப்புதான், அன்னைக்கு எல்லா பேப்பர்லயும் முதல் பக்கத்துல வந்துச்சு. ஆனா 2009ல பொண்ணு கல்யாணத்துக்குன்னு போட்டவங்களுக்கு 2022ல பேரன் பேத்தி பொறந்து ஸ்கூலுக்கே போயிருக்கும், நடுவுல அந்த குடும்பம் எதை வித்து சமாளிச்சுதுன்னு யாரும் எழுதலை.

அப்புறம் ஆருத்ரா கோல்டுங்கிற கம்பெனி. மாசம் 25ல இருந்து 30 சதவீதம் வட்டின்னு சொல்லி சுமார் 1 லட்சம் பேர்கிட்ட 2,438 கோடி வாங்கினதா 2022ல வெளிய வந்துச்சு. இங்க ஒண்ணு ஒத்துக்கிறேன், 30 சதவீதம்ங்கிறது நாலு வட்டி மாதிரி நம்புற கணக்கு இல்லை. அதுல இது நிலைக்காதுன்னு தெரிஞ்சே முதல்ல போட்டு முதல்ல எடுத்துட்டு கிளம்பலாம்னு வந்தவங்களும் இருப்பாங்க, கணக்குல காட்டாத பணத்தை கொண்டுவந்து கொட்டுனவங்களும் இருப்பாங்க. அவங்களுக்காக நான் பேசலை. ஆனா இந்த திட்டம் எப்படி ஓடுதுன்னு பாருங்க. நீங்க லட்ச ரூபா குடுக்கறீங்க, மாசம் 30,000 வீதம் மூணு மாசத்துக்கு 90,000 வருது. அது உங்க காசுதான், உங்க காசையே உங்களுக்கு திருப்பி குடுத்திருக்காங்க, ஆனா பேங்க் அக்கவுண்ட்ல மெசேஜ் வரும்போது அப்படி தோணாது. அந்த மெசேஜை பக்கத்து வீட்டுக்கும் கொழுந்தியாளுக்கும் காட்டுவீங்க, அவங்களும் போடுவாங்க, நீங்களும் வந்த வட்டியையே திரும்ப போடுவீங்க. 1920ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல சார்லஸ் போன்சிங்கிறவரு 45 நாள்ல 50 சதவீதம் லாபம்னு பண்ணினதும் இதேதான், நூறு வருஷம் ஆகியும் மாறலை. அங்க தபால் கூப்பன்னு சொன்னாங்க, இங்க கோழி, தங்கம், கரன்சின்னு சொல்றாங்க.

யாரும் போர்டை பார்த்துட்டு நேரா போயி பணம் கட்டுறது இல்லைங்க. சொல்ற ஆள் நம்ம ஆளா இருப்பாங்க. எங்க அக்காவுக்கு சொன்னது அவங்க சொந்த ஊர்க்காரங்க, மாமா முறை. அவரும் போட்டிருக்காரு, அவருக்கு ஆள் சேர்த்ததுக்கு கமிஷனும் வந்திருக்கு, இப்ப அவரு வீட்டு முன்னாடியும் ஆள் நிக்குது. ஒரு கிராமத்துல ஒருத்தர் சிக்கினா அந்த வம்சமே சிக்கும், ஏன்னா நம்பிக்கைங்கிறது அங்க சொந்தபந்தம் வழியாத்தான் போவுது. மாமா சொன்னதை நம்பினது பேராசைன்னு எழுதினா எப்படிங்க?

இப்படி எழுதறதுனால மனசு புண்படுது அவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க, நிஜமாவே நஷ்டம் ஆவுது. அந்த செய்தி வந்த அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துல கம்பெனியில ஒருத்தர் அந்த தலைப்பை சத்தமா படிச்சாரு. அக்கா டப்பாவை மூடி வெச்சுட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. அவங்களாவது புகார் குடுத்துட்டாங்க. அதே கம்பெனியில பணம் போட்ட வேற சில பேரு இன்னும் வாயே திறக்கலை. வீட்டுக்காரருக்கு தெரியாம போட்டவங்க இருக்காங்க, மாமியார் நகையை வெச்சு போட்டவங்க இருக்காங்க. பேராசைக்காரின்னு பேர் வாங்கறதுக்கு பதிலா போனது போகட்டும்னு விட்டுடறாங்க.

ஆனா விட்டா என்ன ஆகும்? 1990கள்ல சென்னையில ஃபைனான்ஸ் கம்பெனிங்க வரிசையா மூடினதுக்கு அப்புறம்தான் 1997ல டான்பிட் சட்டமே வந்துச்சு. அந்த சட்டப்படி கம்பெனி சொத்து, பினாமி பேர்ல இருக்கிற சொத்து எல்லாத்தையும் அரசாங்கம் முடக்கி வெச்சு, சிறப்பு கோர்ட்டு மூலமா ஏலம் விட்டு, பணம் போட்டவங்களுக்கு பிரிச்சு குடுக்கணும். புகார் குடுத்து, ஆதாரம் காட்டுனவங்க பேருதான் அந்த கணக்குல ஏறும். வெக்கப்பட்டு வீட்டுல உக்காந்தவங்களோட காசு கணக்குலயே வராது. அப்ப மோசடி பண்ணினவன் வாங்குன மொத்த தொகையும் குறைச்சலாத்தான் தெரியும், கேஸும் சின்னதா தெரியும். ஏமாந்தவங்களை கேலி பண்ற ஒவ்வொரு தலைப்பும் அவனுக்குத்தான் உதவி பண்ணுது, இதை நான் ரொம்ப வருத்தத்தோட சொல்றேன்.

இன்னொண்ணு, விளம்பரம். உங்க பேப்பரை மட்டும் சொல்லலை, எல்லா பேப்பரும் டிவியும்தான். இந்த மாதிரி கம்பெனிங்க நல்லா ஓடுற காலத்துல முழுப்பக்க விளம்பரம் வருது, கிளை திறப்பு விழா போட்டோ வருது, விஐபி ரிப்பன் வெட்டுறாரு. கிராமத்துல ஒரு ஆளுக்கு ‘பேப்பர்லயே வந்திருக்கு’ங்கிறது பெரிய சாட்சி. அந்த பக்கத்தை வெட்டி ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டி வெச்சிருப்பாங்க. 2019ல வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடை சட்டத்துல இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்குங்க: அப்படிப்பட்ட திட்டத்தை தூக்கிப் புடிச்சு ஒரு பத்திரிகையில விளம்பரமோ செய்தியோ வந்தா, அதே மாதிரி, அதே இடத்துல, காசு வாங்காம முழு மறுப்பு போடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடலாம். நான் பேப்பர் படிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து அப்படி ஒரு மறுப்பை முதல் பக்கத்துல பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அரசாங்கம் சொல்ற வரைக்கும் காத்திருக்காம, டெபாசிட் வாங்குற கம்பெனி விளம்பரம் கொண்டுவந்தா ரிசர்வ் வங்கி பதிவோ ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கிற செபியோட பதிவோ இருக்கா, சீட்டுக் கம்பெனின்னா 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளர்கிட்ட வாங்குன முன் அனுமதி ஆணை இருக்கான்னு கேட்டுட்டு போடுங்க. விளம்பரப் பிரிவுல ஒரு ஆளு அரை மணி நேரம் செலவழிச்சா போதும்.

ஈஸி மணிங்கிற வார்த்தையை எழுதவே கூடாதுன்னு நான் சொல்லலை. அது பொருந்துற இடம் இருக்கு. ஆள் சேர்த்து கமிஷன் அடிச்சு கார் வாங்குன பெரிய ஏஜெண்டுகளுக்கு எழுதுங்க. ரீல்ஸ்ல வந்து ‘காலையில பத்து நிமிஷம் போதும், ஆப்ஷன் டிரேடிங்ல தினம் 5,000’னு கோர்ஸ் விக்கிறவங்களுக்கு எழுதுங்க. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுல, மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) டிரேடிங் பண்ணின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேலன்னு வந்துச்சு. எங்க கம்பெனி அயர்னிங் பையன் ஒருத்தன் மதிய இடைவேளையில போனை வெச்சுட்டு இதைத்தான் பார்த்துட்டு இருக்கான். அவனுக்கு புரியற மாதிரி அந்த 93 சதவீதத்தை ஒரு நாள் பெரிய எழுத்துல போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்குங்க. அந்த நகைச்சீட்டு செய்தி ஒரு நாளோட நின்னுபோச்சு. புகாரை எங்க குடுக்கணும், உள்ளூர் ஸ்டேஷன்ல குடுத்தா போதுமா இல்லை பொருளாதார குற்றப்பிரிவுக்கே போகணுமா, ஒரிஜினல் ரசீதோட என்னென்ன கொண்டு போகணும், கையில காசா கட்டுனவங்க எதை ஆதாரமா காட்டணும், ரசீது தொலைஞ்சு போனவங்க என்ன பண்ணணும், ரிசர்வ் வங்கியோட சசேத் வெப்சைட்ல புகார் பதியறது எப்படின்னு அந்தந்த அதிகாரிங்ககிட்டயே கேட்டு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. முடக்குன சொத்து எவ்வளவு, ஏலம் எப்ப வருதுன்னு தகவல் கிடைக்கிறப்ப எல்லாம் அதையும் தொடர்ந்து போடுங்க. சனிக்கிழமை பேப்பர்ல வந்தா நல்லது, சம்பளம் வாங்க வரிசையில நிக்கும்போது நானே அதை நோட்டீஸ் போர்டுல ஒட்டி, படிக்கத் தெரியாதவங்களுக்கு படிச்சு காட்டறேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி கணக்காளர் ஒருத்தர்,
திருப்பூர்.